ஏத்தான் என்று பெயர் வைக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

ஆண் குழந்தைக்கு எபிரேயப் பெயர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். அங்கே ஆங்கிலத்தில் 'ஈத்தன்' என்று ஒலிக்கும் பெயருக்கு நேரே 'வலிமை', 'நீண்ட ஆயுள்', சில இடங்களில் 'தீவின் பரிசு' என்றுகூடப் போட்டிருக்கும். கடைசியாகச் சொன்னது வெறும் கற்பனை. முதல் இரண்டும் தவறில்லை, ஆனால் பாதிதான் சரி. தமிழ் வேதாகமத்தில் 'ஏத்தான்' என்று வரும் இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு வேர், பொருள், புழக்கம் மூன்றையும் சரிபார்க்கும் வழியைச் சொல்கிறோம். ஆசேர், ஆரியேல், எஸ்றா என்று எந்த எபிரேயப் பெயருக்கும் இதே வழி செல்லும்.

முதலில் எபிரேய எழுத்துகளைக் கண்டுபிடியுங்கள். தமிழ் எழுத்தையோ ஆங்கில எழுத்தையோ வைத்துப் பொருள் தேடினால் ஏமாறுவீர்கள். ஸ்ட்ராங் என்பவர் தொகுத்த வேதாகமச் சொல்லடைவு வேதாகமச் செயலிகள் பலவற்றில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. எண் 386 'எய்தான்' என்ற பொதுச்சொல், 387 அதே சொல் ஆள்பெயராக, 388 அதிலிருந்து வந்த மாதப் பெயர். மூன்றையும் திறந்து பாருங்கள். எழுத்துகள் நான்கு: ஆலெஃப், யோத், தாவ், நூன். வேர் யோத்-தாவ்-நூன், ஓயாமல் நீடிப்பது, வற்றாமல் இருப்பது என்ற கருத்து அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். நாத்தான், யோனத்தான் என்ற பெயர்களும் 'த்தான்' என்றே முடிவதால் ஏத்தானும் அவற்றோடு சேர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அவை நூன்-தாவ்-நூன் என்ற வேரிலிருந்து வந்தவை. 'கொடுத்தார்' என்பது பொருள். ஏத்தானில் நூன் ஒன்றுதான். 'பரிசு' என்ற விளக்கம் இந்தக் குழப்பத்தில் முளைத்ததாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று ஏதேன் தோட்டத்தோடு முடிச்சுப் போடுவது. எபிரேயத்தில் ஏதேன் என்பது ஆயின், தாலெத், நூன் என்ற எழுத்துகள். தொடக்க எழுத்தே வேறு.

அடுத்து, அந்தச் சொல் வரும் வசனங்களைப் படியுங்கள். அகராதி தரும் ஒற்றைச் சொல்லைவிட இது பல மடங்கு பயன் தரும். ஒரு மாலைப் பொழுது போதும். யோசேப்பின் வில் 'உறுதியாய் நின்றது' என்று ஆதியாகமம் 49:24 சொல்லும் இடத்தில் இருப்பது இந்தச் சொல். எரேமியா 5:15இல் அதுவே ஒரு தேசத்தாரைக் குறித்து 'பலத்த' என்று வருகிறது. மீகா 6:2இல் பூமியின் அஸ்திபாரங்களைச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆமோஸ் 5:24: நீதி 'வற்றாத நதியைப்போல' வரட்டும் என்கிறாரே, அந்த 'வற்றாத' என்பதுதான் எய்தான்.

இந்த வசனத்தின் கனம் புரிய அந்த நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இஸ்ரேலின் ஓடைகளில் பெரும்பாலானவை குளிர்கால மழையில் வெள்ளமாய்ப் பாய்ந்து, கோடையில் வெறும் கல்லும் மணலுமாகக் கிடப்பவை. இன்றைய எபிரேய மொழியிலும் ஆண்டு முழுக்க ஓடும் ஆற்றுக்கு 'நஹல் எய்தான்' என்றே பெயர். மழைக்கு மட்டும் ஓடுவது 'நஹல் அக்ஸாவ்', அதாவது நம்பி வந்தவனை ஏமாற்றும் ஓடை. ஆகவே ஏத்தான் என்பது உடல் பலத்தைச் சொல்லும் பெயர் அல்ல. கோடையிலும் கைவிடாதவன், நம்பிப் போகலாம் என்பதே அதன் பொருள். 'வலிமை' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது இந்தப் பெயருக்குச் செய்யும் அநியாயம்.

மாதப் பெயரும் இதையே காட்டுகிறது. 1 இராஜாக்கள் 8:2 ஏழாம் மாதத்தை ஏத்தானீம் என்கிறது. நம் கணக்கில் அது செப்டம்பர், அக்டோபர். கோடை முடியும் அந்தக் காலத்தில் நீர் ஓடுவது வற்றாத ஆறுகளில் மட்டும்தான். மாதத்துக்கு அதனால் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

ஒரு வசனத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். 'துரோகிகளுடைய வழியோ கரடுமுரடானது' என்னும் நீதிமொழிகள் 13:15இலும் எபிரேயத்தில் இதே சொல்தான் இருக்கிறது. அங்கே மூலபாடமே சரிதானா என்று அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். இந்த ஒரே இடத்தை வைத்துப் பெயருக்குக் 'கரடுமுரடு' என்று பொருள் சொல்லிவிடக் கூடாது.

பெயரைத் தாங்கியவர்களையும் பாருங்கள். புகழ்பெற்றவர் எஸ்ராகியனாகிய ஏத்தான். சாலொமோனின் ஞானத்தை அளக்க 1 இராஜாக்கள் 4:31 இவரைத்தான் முதல் அளவுகோலாக வைக்கிறது. 89ஆம் சங்கீதத்தின் தலைப்பிலும் இவர் பெயர் இருக்கிறது. 1 நாளாகமம் 15:19இல் ஏமான், ஆசாப்போடு வெண்கலக் கைத்தாளம் கொட்டிய லேவியர் ஓர் ஏத்தான். பின்னால் அதே வரிசையில் எதுத்தூன் என்ற பெயர் வருவதால் இருவரும் ஒருவரே என்று கருதுவோர் உண்டு. யூதர்களின் சமய நூலான தல்மூத், எஸ்ராகியனாகிய ஏத்தானை ஆபிரகாமாகவே அடையாளம் காண்கிறது. இழிவான கதை எதுவும் இந்தப் பெயரோடு ஒட்டவில்லை. இதைப் பார்ப்பது முக்கியம். நல்ல பொருளுள்ள சில வேதாகமப் பெயர்கள் மோசமான ஆட்களுக்கும் இருந்திருக்கின்றன.

புழக்கத்தை அளப்பதற்கு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடும் பட்டியல் நல்ல கருவி. 1880 முதலான பிறப்புகள் அதில் உண்டு. ஓர் ஆண்டில் ஐந்து பேருக்கும் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களை மட்டும் விட்டுவிடுவார்கள். ஈத்தன் அங்கே புதிய பெயர் அல்ல. அமெரிக்க விடுதலைப் போரில் 1775இல் டைகாண்டரோகா கோட்டையைப் பிடித்த ஈத்தன் ஆலன் காலத்திலேயே இருந்தது. ஆனால் உச்சத்தைத் தொட்டது 2009, 2010 ஆண்டுகளில். இரண்டிலும் ஆண் பெயர்களில் இரண்டாம் இடம், ஜேக்கப்புக்கு அடுத்தபடி. 2016இல் பத்தாம் இடம். அடுத்த ஆண்டு முதல் பத்திலிருந்து இறங்கிவிட்டது.

தர எண்ணை மட்டும் பார்த்து, வகுப்புக்கு நாலு ஈத்தன் இருப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். 1950இல் முதலிடத்தில் இருந்த ஜேம்ஸ், பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் வைக்கப்பட்டது. 2010இல் இரண்டாம் இடம் வந்த ஈத்தனுக்கு நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தரத்தோடு விழுக்காட்டையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு விஷயம்: அந்தப் பட்டியல் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப்பெயராக எண்ணுகிறது. எய்தான் என்று எபிரேய ஒலிப்படி எழுதினால் அது தனி வரிசை. இஸ்ரேலில் இந்த வடிவம்தான் புழங்குகிறது, யூதச் சிறுவர்களிடையே மிகப் பரவலான பெயர்களில் ஒன்று.

ஒலிப்பில் மூன்று வழக்கு உண்டு. அமெரிக்கர்கள் முதல் அசையை அழுத்தி 'ஈ'யில் தொடங்குவார்கள். இஸ்ரேலியர்கள் இரண்டாம் அசையை அழுத்தி 'எய்தான்' என்பார்கள். தமிழ் வேதாகம வடிவம் ஏத்தான். ஈத்தன், ஏத்தான் இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் தமிழில் இரட்டைத் தகரம் வேண்டும். 'ஈதன்', 'ஏதன்' என்று ஒற்றைத் தகரம் போட்டால் ஒலி மெலிந்து ஏதேன் பக்கம் போய்விடும். முதல் எழுத்து கட்டாயம் நெடிலாக இருக்கட்டும். 'எத்தன்' என்று குறிலில் எழுதினால் தமிழில் ஏமாற்றுக்காரன் என்றாகிவிடும். நம்பத்தக்கவன் என்ற பெயர் நேர் எதிராகப் போவதோடு, பள்ளியில் பிள்ளை படும் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே தமிழில் எழுதுகிறவர் இந்தத் தவறைத்தான் செய்வார். அதனால் பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போது தமிழ் வடிவத்தையும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள், வாங்கும்போது இரு மொழியையும் அங்கேயே சரிபாருங்கள். பிறப்புப் பதிவு ஆன 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

தொட்டிலிலோ பதக்கத்திலோ எபிரேய எழுத்தில் பொறிக்க நினைத்தால், வலமிருந்து இடமாக ஆலெஃப், யோத், தாவ், நூன். ஆலெஃபுக்குப் பதில் ஆயின் என்ற எழுத்தும், தாவுக்குப் பதில் தேத் என்ற எழுத்தும் தவறாக வந்துவிடும். இன்றைய ஒலிப்பில் இந்த ஜோடிகள் ஒன்றுபோலவே கேட்பதுதான் காரணம். சில மென்பொருள்கள் எழுத்து வரிசையைத் தலைகீழாக்கியும் விடும். கடைசி நூன் கோட்டுக்குக் கீழே நீண்டு இறங்கும் ஒற்றைக் கோடு. அது இடது கோடியில் நின்றால் சரி. வலது கோடியில் நின்றால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.