பழைய கசெற்றைக் கணினியில் ஏற்றுவது எப்படி

பழைய கசெற் பெட்டியைத் திறந்ததும் பாட்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எழுபதுகளின் திரைப்பாட்டு அநேகமாக எல்லாமே கைபேசியில் கிடைக்கிறது, கசெற்றில் இருப்பதைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. வேறெங்கும் கிடைக்காதவை பாட்டுகளுக்கு இடையில் இருக்கின்றன. இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தில் வரும் அம்மப்பா, அம்மம்மா, மாமா, மாமி பெயர் வரிசை, அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா மூச்சுவிடாமல் சொல்லும் படவிளம்பரம் எல்லாம் அங்கேதான். சவூதியிலிருந்து உம்மா பேசி அனுப்பிய அரை மணி நேரமும் கூத்தாடும் களரிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்த வடமோடிக் கூத்தும் அப்படித்தான். அதனால் இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் பதியுங்கள். பாட்டைத் தனித்தனியாகப் பிரிக்கிற வேலையைப் பிறகு, நகலில் வைத்துக்கொள்ளலாம்.

மாரியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் காற்றே ஈரம். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்கள்தான் தோது.

எந்தக் கசெற்றையும் பிளேயரில் போடுமுன் அதன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு யாராவது சிவப்புப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் குரல் அழியாது. அடுத்து நடுக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் அது பங்கசு, அதாவது பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் அது பிளேயரில் நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த கசெற்றுக்கும் போகும். நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் ஒரு கிழமை வைத்துக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது. கூடு வளையும், நாடா நெளியும்.

வெள்ளத்தில் நனைந்த கசெற்றைச் சேறு காய்வதற்கு முன்பே திறந்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலச வேண்டும். வாகன பற்றரிக்கு ஊற்ற விற்பது போதும், ஆனால் அசிட் போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள். அலசியதை நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். 2004 சுனாமியில் நனைந்து அப்படியே காய்ந்தவை வேறு கதை. பென்சிலைச் செருகிச் சுற்றும்போது நாடா ஒட்டி ஒட்டி விடுபட்டால் உடனே நிறுத்துங்கள். பழுப்புப் பூச்சு உரிந்து அடுத்த அடுக்கில் போய் ஒட்டும். குரல் இருப்பது அந்தப் பூச்சில்தான். அத்தகைய கசெற்றை அனுபவமுள்ளவர் கையில் கொடுக்கும்வரை தொடாமல் வைப்பது நல்லது.

கசெற்றைத் திறப்பது பெரிய வித்தை இல்லை. நல்ல கசெற்றுகளுக்கு ஐந்து சிறு திருகாணிகள் இருக்கும். மலிவானவை ஒட்டப்பட்டிருக்கும், அவற்றின் இணைப்புக் கோட்டில் பிளேடை மெல்ல நுழைத்துப் பிளக்க வேண்டும். மேசையில் கிடத்தி மேல்மூடியை நேராகத் தூக்குங்கள். உள்ளே இரண்டு சில்லு, அவற்றுக்கு மேலும் கீழும் வழுவழுப்பான தாள், மூலைகளில் இரண்டு சிறு உருளை, நடுவில் செப்பு நிறத் தகட்டில் ஒட்டிய சிறு பஞ்சுத் துண்டு. அந்தத் துண்டுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. பழைய கசெற்றில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். சத்தம் மங்கலாகி வந்து வந்து போனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். திருகாணி போட்ட கசெற் ஒன்றை வாங்கி, அதன் கூட்டுக்குள் பழைய சுருள்களை அப்படியே மாற்றிவிடுங்கள். பஞ்சை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட இது வேகமான வேலை.

அறுந்த நாடாவைச் சாதாரண செலோரேப்பால் ஒட்டினால் பசை பரவி அடுத்த சுற்றோடு பிடித்துக்கொள்ளும். கசெற் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர். அந்த அகலத்தில் இதற்கென்றே ஒட்டு நாடா இருக்கிறது. இரண்டு நுனியையும் சரிவாக வெட்டி, இடைவெளியோ மேற்படிவோ இல்லாமல் சேர்த்து, ஹெட்டில் படாத உட்பக்கத்தில் ஒட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் செலோரேப்பை மெல்லியதாக வெட்டி ஒட்டி, அன்றைக்கே பதிந்து முடியுங்கள். சி-120, அதாவது இரு பக்கமும் சேர்ந்து 120 நிமிடம் ஓடும் கசெற்றின் நாடா மிக மெல்லியது. அதை வேகமாகச் சுற்றவே வேண்டாம்.

இனி பிளேயர். புதிதாக விற்கும் கையடக்க யூஎஸ்பி கசெற் கருவிகளை நம்பாதீர்கள். அநேகமானவற்றில் வேகம் ஆடும், நாதஸ்வரம் நடுங்கும். இரண்டாம் கையாகக் கிடைக்கும் பழைய டெக்கோ பெரிய ரேப் றெக்கோடரோ மேல். உள்ளே இருக்கும் பெல்ட் இளகிக் கறுப்புப் பிசினாகியிருந்தால் மாற்றியே ஆகவேண்டும். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டையும் பஞ்சுக் குச்சியால் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடையுங்கள். 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், ஹெட்டில் படலம் விடும். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்தும் றப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும்.

இனிச் சொல்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கசெற்றைப் பதிந்த கருவியின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே சரிவில் இருப்பதில்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் குரல் கேட்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு திருகாணி இருக்கும். சுருள்வில்லோடு இருப்பதை மட்டும் திருக வேண்டும். அதன் பழைய நிலையை நகப்பூச்சால் குறித்துவிட்டு, கசெற் ஓடும்போதே மெல்லத் திருகுங்கள். பெரும்பாலும் கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. ‘ஸ’, ‘ச’ ஒலிகளும் கூத்தின் சல்லரித் தாளமும் எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அலுப்புத்தான், ஆனால் கணினியில் பிறகு எவ்வளவு முயன்றாலும் இந்தத் தெளிவு வராது.

பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து, அது இல்லாவிட்டால் ஹெட்போன் துளையிலிருந்து, லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் காட்டுக்கு வயர் கொடுங்கள். லப்டொப்பின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான், அதோடு சத்தத்தை உடைத்தும்விடும். ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பதிவதற்கு இலவச மென்பொருளான ஒடாசிற்றி (Audacity) போதும். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிற், ஸ்ரீரியோ. ஒரு நிமிடம் ஏறத்தாழ 10 எம்பி பிடிக்கும். சி-60 ஒன்றின் இரு பக்கமும் சேர்ந்து 600 எம்பி அளவு. மிக உரத்த இடத்திலும் அளவுகாட்டி கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். கூத்தில் மத்தளம் திடீரென்று ஏறும், ஆகவே கூத்தை நடத்தும் அண்ணாவியார் வாசிக்கும் உச்ச இடத்தை ஓடவிட்டுப் பார்த்து அளவு வையுங்கள்.

கரண்ட் இல்லாத காலத்தில் பற்றரியில் பதிந்த கசெற்றுகளுக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. பற்றரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் போகப் போகக் கீச்சென்று ஏறும். அந்தப் பதிவில் தெரிந்த பாட்டு ஏதாவது இருந்தால் அளந்துவிடலாம். பல்லவியின் முதல் தாளத்திலிருந்து கடைசிச் சரணத்தின் முதல் சொல் வரை மூலப் பாட்டில் 200 விநாடி, உங்கள் பதிவில் 190 விநாடி என்றால் வேகத்தை 0.95 மடங்காக்குங்கள். பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வித்தியாசம் வேறுபட்டால் துண்டுதுண்டாகத் திருத்துங்கள்.

இரைச்சல் நீக்குவதில் கை அடங்க வேண்டும். குரல் இல்லாத ஒரு விநாடியை மாதிரியாகக் கொடுத்து 6 டெசிபல் குறைத்தால் போதும். இருபதுக்கு மேல் போனால் அறிவிப்பாளர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவார். வானொலியின் முன் மைக் வைத்துப் பதிந்ததில் கேட்கும் காகத்தையும் சைக்கிள் மணியையும் அழிக்க வேண்டாம். அந்த வீட்டின் சத்தம் வேறு எதிலும் இல்லை. திருத்தாத மூலக் கோப்பை எப்போதும் தனியாக வையுங்கள். ஒலி குறையாத வேவ் (WAV) அல்லது பிளாக் (FLAC) கோப்புதான் மூலம். எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்.

ஆண்டு தெரியாத கசெற்றுக்கு அதில் உள்ள பாட்டுகளில் மிகப் பிந்திய படம் எது என்று பாருங்கள், பதிவு அதற்கு முந்தியிருக்க முடியாது. ‘இப்போது நடைபெறுகிறது’ என்ற படவிளம்பரம் இருந்தால் கிட்டத்தட்ட மாதமே பிடிபடும். கோப்பின் பெயரில் ஊர், ஆண்டு, பேசுபவர், பக்கம் நான்கையும் போடுங்கள்: ‘களுவாஞ்சிக்குடி 1983 அளவில் பெரியம்மா பக்கம் 2’ என்பதுபோல. உள்ளட்டையில் பேனாவால் எழுதியிருப்பதை இரு புறமும் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். விடிய விடிய நடந்த கூத்து பல கசெற்றில் இருக்கும். கதை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்டு வரிசைப்படுத்தாவிட்டால் பிறகு யாராலும் முடியாது.

பதிந்து முடித்த கசெற்றை வீசாதீர்கள். கடைசிவரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றாமல், உறைக்குள் நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் தகரக் கூரைக்குக் கீழ் பரணிலும் வேண்டாம். கோப்புகளுக்கு இரண்டு ஹாட் டிஸ்க் எடுத்து, ஒன்றைத் தண்ணீர் ஏறாத ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.