ஒட்டுத்துணி வெட்ட எந்த மேட்?

ரோட்டரி கட்டர் (உருளும் வட்ட பிளேடு வைத்த துணி வெட்டி) வாங்கியாச்சா? அப்போ துணிக்கு அடியில் போடும் கட்டிங் மேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியை இரண்டாக மடித்தால் 22 அங்குலம். 24-க்கு 18 அங்குல மேட் என்றால் நகர்த்தாமல் ஒரே இழுப்பில் வெட்டலாம். சின்னதில் துணியை நகர்த்தி நகர்த்தியே கோடு கோணிவிடும். வெட்டுத் தடம் தானாக மூடிக்கொள்ளும் ரகமாகப் பாருங்கள். கண்ணாடி மேல் வெட்டினால் பிளேடு மழுங்கும்.

சேலம் வெயில்தான் இந்த மேட்டுக்கு எமன். போன சித்திரையில் மாடி அறைச் சுவரில் சாய்த்து வைத்த என் மேட், பொரித்த அப்பளம் மாதிரி வளைந்தது. அப்புறம் நிமிரவே இல்லை. இப்போது புதியது கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. அதன் மேல் இஸ்திரி போடாதீர்கள், சூடான டீ டம்ளரும் வைக்காதீர்கள். ஏற்காட்டில் இருக்கும் நாத்தனாருக்கு இந்த வெயில் கவலை கிடையாது, கொடுத்து வைத்தவள்!