வீட்டு இன்சூரன்ஸ்: எதற்குப் பணம் வரும், எதற்கு வராது

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை எல்லாமே போய்விட்டது, ஆனாலும் லோன் வாங்கும்போதே பேங்கில் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்களே என்று தெம்பாகத்தான் இருந்தார். பாலிசியை எடுத்துப் பார்த்தால், அது அவர் இறந்துபோனால் கடனை அடைப்பதற்கான பாலிசி. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் இன்றைக்கே பீரோவைத் திறந்து உங்கள் பாலிசி எது என்று பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் வீடுகளுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

தீ, இடி மின்னல், சிலிண்டர் வெடிப்பது, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ பைப்போ உடைந்து ஏற்படும் சேதம் எல்லாம் இதில் அடங்கும். மாடி பாத்ரூமிலிருந்து வருஷக்கணக்கில் ஓதம் ஏறிச் சுவர் உப்பிப்போவது வராது. புது வீடு மண்ணில் இறங்கி விரிசல் விட்டாலும், மேஸ்திரி வேலை சரியில்லாமல் விரிசல் விட்டாலும் வராது. ஷார்ட் சர்க்யூட்டில் டிவி மட்டும் கருகினால் அந்த டிவிக்குப் பணம் கிடையாது, ஆனால் அதிலிருந்து தீ பரவி மற்ற பொருட்கள் எரிந்தால் அவற்றுக்கு உண்டு.

நிறைய பேர் ஏமாறுவது திருட்டில்தான். வெள்ளம், தீ மாதிரி ஏதாவது நடந்து 7 நாளுக்குள் திருட்டுப் போனால்தான் இந்தப் பாலிசியில் கிளெய்ம் செய்யலாம். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்து எடுத்துப்போனால் கிடையாது, அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும். நகைக்கும் மதிப்பைக் காட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். கார், பைக் தண்ணீரில் மூழ்கினால் அது வண்டி இன்சூரன்ஸ் கணக்கு.

சரி, எவ்வளவு தொகைக்கு எடுப்பது? வீட்டை வாங்கிய விலைக்கு எடுக்காதீர்கள், அதில் மனையின் விலையும் இருக்கிறது, மனை எரிந்துபோகாது. திரும்பக் கட்ட என்ன ஆகும் என்று பாருங்கள். 900 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். உள்ளே இருக்கும் சாமான்களுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதாவது இங்கே 4.5 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும் (அதிகபட்சம் 10 லட்சம்). அதற்கு மேல் சாமான் இருந்தால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம், இது பலருக்குத் தெரிவதே இல்லை.

வெள்ளம் வடிந்ததும் உடனே கழுவித் துடைக்கத்தான் கை பரபரக்கும். அதற்கு முன்னால் சுவரில் தண்ணீர் நின்ற கறையோடு சேர்த்து ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கெட்டுப்போன எதையும் குப்பையில் போடாதீர்கள். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.