பட்டுப் புடவையைப் பூச்சி அரிக்காமல் எடுத்து வைப்பது எப்படி?

அம்மாவின் கூறைப்புடவை என்னிடம் வந்தபோது மடிப்போரம் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். பீரோவில் வாசனைக்குக் குறைவே இல்லை. புடவையைத்தான் சுத்தம் செய்யாமல் வைத்திருந்தோம். அதனால் பூச்சிமருந்துக்கு முன் சுத்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் பட்டையும் கம்பளியையும் அரிக்கிறது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடமென்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்கு எதிரி வேறு: இராமபாணப் பூச்சி.

1. கட்டிக் களைந்த புடவையை அப்படியே மடிக்காதீர்கள். ஓர் இரவு நிழலில், காற்றாடக் கொடியில் போடுங்கள். கறை இருந்தால் சுத்தம் செய்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். நேர் வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

2. பீரோத் தட்டைக் காலிசெய்து, மூலைகளையும் இடுக்குகளையும் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். முட்டைகள் அங்கேயும் ஒளிந்திருக்கலாம்.

3. இனி வசம்புப் பொட்டலம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். விளக்கு வைத்த பிறகு பெயர் சொல்லக்கூடாதென்று எங்கள் பாட்டி அதைப் 'பேர் சொல்லாதது' என்பார். ஓலைச்சுவடிகளைப் பூச்சியிலிருந்து காத்ததும் இதுவே. இரண்டு துண்டு வசம்பை ஒன்றிரண்டாக இடித்து, பத்துக் கிராம்பும் ஒரு பிடி வேப்பிலையும் சேர்த்து மெல்லிய பருத்தித் துணியில் முடியுங்கள். வேப்பிலை நிழலில் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்க வேண்டும். ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

4. சரிகை உட்புறமாக இருக்கும்படி மடித்து, துவைத்த பழைய வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். பொட்டலத்தைத் தட்டின் மூலையில் வையுங்கள், சரிகையில் படக்கூடாது. அந்துருண்டையை நான் வீட்டில் சேர்ப்பதே இல்லை, குழந்தைகளுக்கு ஆபத்து.

வாசனை பூச்சியை விரட்டும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. கம்பளிச் சால்வையில் புழு கண்டால், காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் குளிர் முழுவதும் அடங்கிய பிறகே பையைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் துணி நனைந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புடவையை எடுத்து உதறி, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பூச்சி தொடாவிட்டாலும் பட்டு இற்றுவிடும். பொட்டலத்தில் மணம் குறைந்திருந்தால் அன்றே புதிதாகக் கட்டிவிடுங்கள்.