குரூப்பா சேவைக்குப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மலேசியாவுல, நம்ம பேராக் சுங்கை சிப்புட்ல தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை டவுன சுத்தி இருக்கிற முதியோர் இல்லம், பிள்ளைங்க இல்லம் எதுக்குப் போனாலும் வாசல்ல பஸ்ஸும் வேனும் நிக்கும். காலையில கோயில் இளைஞர் பிரிவு, பதினோரு மணிக்கு ஈப்போலருந்து ஒரே கலர் டீ சட்டையில ஒரு கம்பெனி ஆளுங்க, மத்தியானம் காலேஜ் பசங்க, சாயங்காலம் யாரோ பொறந்தநாள் கேக்கோட. அதே இல்லத்துக்கு பிப்ரவரியிலயோ மார்ச்லயோ போய்ப் பாருங்க, ஒரு காடி கூட இருக்காது.

என்னைக் கேட்டா பெரிய தப்பே இதுதான். நம்ம எப்ப ஃப்ரீ, பஸ் எப்ப கெடைக்குது, டீ சட்டை எப்ப பிரிண்ட் ஆகி வருதுன்னு பாத்துத் தேதி வைக்கிறோம், இல்லத்துல இருக்கிறவங்களுக்கு எந்த நாள் தோதுன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. ஒரே நாள்ல நாலு குரூப்பு வந்தா அந்தப் பாட்டிங்க நாலு தடவ ஹால்ல வந்து உக்காந்து கை தட்டணும், மத்தியானத் தூக்கம் போச்சு, மருந்து நேரம் தள்ளிப் போச்சு, பாத்துக்கிற அக்காங்க ரெண்டு பேரு நம்ம சாப்பிட்ட தட்டையும் மங்கையும் கழுவிக்கிட்டு நிப்பாங்க. 40 பேரு போறோம்னு பெருமையா சொல்றோம், அந்த வீட்டுல இருக்கிறதே 15 பேருன்னா மிச்ச ஆளு என்ன பண்ணுவாங்க, செல்ஃபி எடுத்துட்டு நிழல்ல உக்காந்துருப்பாங்க. எட்டு எட்டுப் பேரா பிரிச்சு வேற வேற மாசத்துல போனா அதே 40 பேர வச்சு அஞ்சு மாசத்த ஓட்டலாம்.

அதனால மொதல்ல போன் போடுங்க. வாட்ஸ்அப் வேணாம், போன்ல பேசுங்க. "என்ன வேணும்"னு மட்டும் கேட்டா "எது குடுத்தாலும் சந்தோஷம்ங்க"ன்னுதான் பதில் வரும், நம்ம ஆளுங்க வேற எப்படிச் சொல்லுவாங்க. "அண்ணே, இந்த மாசம் எது தீந்து போச்சு, எது மிச்சம் கெடக்கு, கரண்டு பில்லு கட்டியாச்சா, டயப்பர் என்ன சைஸ், ஆஸ்பத்திரி அப்பாயின்மெண்டுக்குக் கூட்டிட்டுப் போக காடி வேணுமா"ன்னு ஒவ்வொண்ணா கேளுங்க, அப்பதான் உண்மை வெளிய வரும். ஒரு இல்லத்து ஸ்டோர் ரூம ஜனவரியில பாத்துருக்கேன், அரிசி மூட்டை மேல மூட்டை, அடியில இருந்தத தூக்குனா வண்டு வச்சு மாவா கொட்டுது, பக்கத்துல இனிப்பு பிஸ்கட் டின்னு பிரிக்காம கூரை வரைக்கும் அடுக்கி இருக்கு, அங்க இருக்கிற பெரியவங்கள்ல நெறைய பேருக்கு இனிப்புநீர். ஆனா பெரியவங்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட்டுதான் இருந்துச்சு, அதையும் ராத்திரிக்கு மட்டும்னு எடுத்து வச்சிருந்தாங்க. டயப்பர், கேஸ் தோங் (சிலிண்டர்), சவர்க்காரத் தூள், கரண்டு பில்லு, இதெல்லாம் போட்டோவுல அழகா வராது, அதனால யாரும் வாங்கிட்டுப் போறதில்ல.

சாப்பாட்டு விஷயத்த கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா இதுலதான் நல்ல மனசோட போய் நாலு பேர ஆஸ்பத்திரியில படுக்க வைக்க முடியும். காலையில அஞ்சு மணிக்கு மீஹூன் பெரட்டி சூடா பொட்டலம் கட்டி பாக்ஸ்ல அடுக்கி வேன்ல ஏத்துறோம், அப்புறம் பேச்சு, பாட்டு, பரிசு, தலைவர் வர லேட்டு, பொட்டலத்தப் பிரிக்கிறப்ப மணி ஒண்ணு. ஆக்கின சாப்பாட்ட நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும்னு நம்ம சுகாதார இலாகா திரும்பத் திரும்ப சொல்லுது, 5 டிகிரிலருந்து 60 டிகிரிக்குள்ள கெடக்கிற சாப்பாட்டுல கிருமி வேகமா பெருகும், நம்ம ஊரு வெயில்ல மூடின வேன் எத்தன டிகிரின்னு நீங்களே யோசிச்சுக்குங்க. சோறு, மீஹூன்ல வர்ற ஒரு வகை கிருமி விடுற விஷம் திருப்பி சூடு காட்டினாலும் போகாது, அதனால "சூடு பண்ணிக் குடுத்துட்டோம்ல"ன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல. இல்லத்துலயே குசினி இருந்தா கேட்டுட்டு அங்கயே ஆக்குங்க, இல்ல பக்கத்துக் கடையில சொல்லி பன்னெண்டு மணிக்கு எடுங்க. வெள்ளிக்கிழமை, புரட்டாசின்னா சைவம்தானான்னு கேட்டுக்குங்க, அங்க மலாய்க்காரங்க தங்கியிருந்தாலோ வேலை பாத்தாலோ சாப்பாடு ஹலாலான்னும் பாருங்க.

பழைய துணி பத்தி ஒண்ணுதான், உங்க தம்பிக்குப் போட்டு விட மாட்டீங்கன்னா மூட்டை கட்டாதீங்க.

போட்டோ. பிள்ளைங்க இல்லத்துல இருக்கிற எல்லாரும் அநாதைன்னு நெனைச்சுக்கிட்டுப் பேசுறவங்க நெறைய பேரு, அந்தப் பிள்ளைங்க முன்னாடியே மைக்குல "தாய் தகப்பன் இல்லாத செல்வங்கள்"னு சொல்லுவாங்க, ஆனா பல பிள்ளைங்களுக்கு அம்மா இருக்காங்க, அப்பா இருக்காரு, ஜெயில்ல இருக்கலாம், வருமானம் இல்லாம இருக்கலாம், அடிச்சதுக்காக கோர்ட்டே பிரிச்சு வச்சிருக்கலாம். அந்த அடிச்ச ஆளு பேஸ்புக் பாப்பான்ல? 2001ஆம் வருஷத்து குழந்தைகள் சட்டத்துல 15ஆவது பிரிவு இதுக்குன்னே இருக்கு, கோர்ட்டு, பாதுகாப்புன்னு போன பிள்ளைங்களோட பேரு, அட்ரஸ், ஸ்கூல், முகம் எதையும் ஊடகத்துல போட்டு அடையாளம் காட்டக் கூடாது. அது பேப்பருக்குத்தானே நம்ம பேஜுக்கு என்னன்னு வாதம் பண்றவங்கள கேமராவ வீட்டுலயே வச்சுட்டு வரச் சொல்லுங்க. வேலை செய்ற கைய எடுங்க, அடிச்ச பெயிண்ட்ட எடுங்க, குரூப்பு ஆளுங்க மட்டும் நின்னு ஒண்ணு எடுங்க, போதும். அதே மாதிரி கெளம்புறப்ப "அடுத்த வாரம் அண்ணன் வரேன் கண்ணு"ன்னு சும்மா வாய் வார்த்தைக்கு சொல்லாதீங்க, பெரியவங்க மறந்துடுவாங்க, பிள்ளைங்க சனிக்கிழமை காலையில கேட்டப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கும்.

காசு விஷயத்துல சட்டம் தெரியாம மாட்டிக்கிறவங்க ஜாஸ்தி. வீடு வீடாவும் தெருவுலயும் வசூல் பண்றதுக்கு 1947லருந்தே சட்டம் இருக்கு, போலீஸ் லைசென்ஸ் இல்லாம பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) டப்பா குலுக்கக் கூடாது, நல்ல காரியம்தானேன்னு சொன்னா எடுபடாது. இல்லமும் 1993ஆம் வருஷத்து பராமரிப்பு மையச் சட்டப்படி ஜேகேஎம்ல, அதாவது சமூகநல இலாகாவுல, பதிஞ்சிருக்கணும். ஆபீஸ் செவுத்துல சர்டிபிகேட் மாட்டியிருக்கா பாருங்க, இல்லன்னா மரியாதையா கேளுங்க, கேக்கிறதுல தப்பே இல்ல, கேட்டா கோவிச்சுக்கிற இல்லத்துக்கு காசு குடுக்கிறதுதான் தப்பு. வருமான வரியில கழிச்சுக்கலாம்னு மெம்பருங்களுக்கு ஆசை காட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு வருமான வரிச் சட்டத்து 44(6) பிரிவு அங்கீகாரம் இருக்கான்னு பாத்துருங்க, அதுவும் காசா குடுத்தாத்தான், அரிசி மூட்டை அந்தக் கணக்குல சேராது.

இன்னொண்ணு, ஒரே நாள்ல ரெண்டாயிரம் வெள்ளி செலவு பண்ணிட்டு பதினோரு மாசம் காணாமப் போறது. நம்ம ஊரு தொகுதியோட எம்பியா இருந்த துன் சம்பந்தன் 1960ல, தோட்டங்கள துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த காலத்துல, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சப்ப ரப்பர் மரத்துல பால் வெட்டுன ஜனங்க கொஞ்சம் கொஞ்சமா பங்குப் பணம் கட்டித்தான் தோட்டமே வாங்குனாங்க. நம்ம குரூப்புல ஆளுக்கு மாசம் 10 வெள்ளி போட்டா ஒரு இல்லத்துக் கரண்டு பில்லுல ஒரு நல்ல பங்க தாங்கிடலாம், அதுக்கு பஸ்ஸும் வேணாம் பேனரும் வேணாம்.

தோட்டத்துக்குள்ள போய் லயத்துக்கு (தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கு) பெயிண்ட் அடிக்கிற பிளான் இருந்தா ரெண்டு தடவ யோசிங்க. மொத விஷயம் அது தனியார் நிலம், லெட்டர் இல்லாம போனா கேட்ல காவலுக்கு நிக்கிற ஜாகா நிறுத்திடுவாரு, அவரு மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. ரெண்டாவது, அந்த வீட்ட சரியா வச்சிருக்கிறது யாரு பொறுப்பு? தொழிலாளிக்கு நிர்வாகம் குடுக்கிற வீடு, தண்ணி, சுகாதாரத்துக்கெல்லாம் 1990ல வந்த 446ஆவது சட்டம் இருக்கு, ஒழுகுற கூரைய மாத்த வேண்டியது நிர்வாகம். நம்ம உண்டியல் காசுல தகரம் போட்டுக் குடுத்தா அவங்க வேணாம்னா சொல்லுவாங்க? அந்தக் காசுல பிள்ளைங்களுக்கு டியூஷன் வைங்க, கூரைக்கு தொழிலாளர் இலாகாவுக்கு எழுத அந்தக் குடும்பங்களுக்கு உதவி பண்ணுங்க. தமிழ்ப்பள்ளிக்குப் போறதுன்னா எச்எம்கிட்டயும் பெற்றோர் ஆசிரியர் சங்கமான பிஐபிஜிகிட்டயும் பேசாம பெயிண்ட் டின்ன எறக்காதீங்க. மேல மலைப் பக்கம் உள்ள தெமியார் பூர்வகுடி கம்பங்களுக்குப் போறதுன்னா பூர்வகுடி இலாகாவான ஜாக்கோவாவுக்கும் கம்பத் தலைவர் தோக் பாத்தினுக்கும் முன்னாடியே சொல்லணும், மழை பேஞ்சா அந்த ரோட்டுல சாதா வேன் ஏறாது.

கோத்தோங் ரோயோங்னு ஊரா சேந்து துப்புரவு பண்றதுல நடக்கிற கூத்து வேற. ஆத்தோரத்துல, தாமான்ல குப்பை பொறுக்கப் போறோம், முடிச்சுட்டு சாப்பிட்ட போலிஸ்டைரின் டப்பாவையும் தண்ணி கப்பையும் புல்லுல விட்டுட்டு வந்துடறோம், சாயங்கால மழையில அதுல தண்ணி நிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல ஏடிஸ் கொசு பறக்கும், அதோட முட்டை காஞ்ச எடத்துலயே மாசக்கணக்கா தாங்கும். டெங்கி ஒழிக்கப் போனவங்களே டெங்கிக்கு வீடு கட்டிக் குடுத்த கதை. குப்பை பேக்க ரோட்டோரம் அடுக்குறதுக்கு முன்னாடி நகராண்மைக் கழகத்துல லோரிக்குச் சொல்லி வைங்க, ஞாயித்துக்கிழமை அடுக்கினத திங்கக்கெழம காலைக்குள்ள நாய் கிழிச்சுடும். சிலிப்பரோட வர்றவங்கள திருப்பி அனுப்புங்க, எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல் கால்ல இருக்கிற சின்னக் கீறல் வழியாவே போயிரும், பூட்ஸும் கையுறையும் கட்டாயம். புல்லு மெஷின் தெரிஞ்சவங்க மட்டும் புடிக்கணும், அவங்க பக்கத்துல பிள்ளைங்க நிக்கவே கூடாது.

ரத்த தானம்னா 45 கிலோவாவது இருக்கணும், முந்தின ராத்திரி 5 மணி நேரமாவது தூங்கியிருக்கணும், பசியாறிட்டு வரணும். விரதம் இருக்கிறவங்கள கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து கணக்கு காட்டாதீங்க.

கடைசியா, போன எடத்துல ஏதாவது சரியில்லன்னு தோணுச்சுன்னா, பிள்ளை மேல தழும்பு, பூட்டின ரூம்ல ஒரு பாட்டி, இப்படி எதைப் பாத்தாலும் லைவ் போட்டு ஊரக் கூட்டாதீங்க, அங்கயே சண்டையும் போடாதீங்க, நீங்க கெளம்புன பிறகு அந்தப் பிள்ளை அங்கதான் இருக்கணும். எந்த எடம், எத்தன மணி, என்ன பாத்தீங்கன்னு எழுதி வச்சுக்கிட்டு வெளிய வந்து அரசாங்க உதவி லைன் தாலியான் காசே 15999க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. உயிருக்கு ஆபத்துன்னா நேரா 999.