உண்ணிக் காய்ச்சலா, வேறேதாவதா? நோயுற்ற நாயை வீட்டில் பார்த்தறியும் முறை

நாய் ஒரு வேளைச் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால் வீட்டில் எவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. மறுநாளும் அது எழும்பாமல் படுத்திருந்தால்தான் கவலை வருகிறது. உடனே அயலவர் ஒருவர் “இது உண்ணிக் காய்ச்சல்தான்” என்று சொல்ல, வேறொரு நாய்க்கு வாங்கி எஞ்சிய குளிசைகளைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். திருகோணமலையில் அந்த ஊகம் பல வேளைகளில் சரியாகவும் இருந்துவிடுவதுதான் சிக்கல். ஏனெனில் உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே நோயன்று. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றைக் குணமாக்காது. ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன்னர் நாயின் உடலை ஒழுங்காகப் பார்த்து எழுதிக்கொள்வதும், குருதியைப் பரிசோதிப்பிப்பதும் எப்படி என்பதையே இங்கு முதன்மையாக விளக்குகிறேன்.

முதலில் வெப்பநிலை. மூக்கு காய்ந்திருக்கிறதா, காது சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. நாயின் உடல் இயல்பாகவே நம்முடையதைவிடச் சூடானது. மருந்துக்கடையில் விற்கும் இலக்க வெப்பமானி ஒன்றை நாய்க்கென்று தனியாக வைத்திருங்கள். அதன் நுனியில் வாசலின் பூசி, ஒருவர் நாயின் தலையை அணைத்துப் பிடித்திருக்க, மற்றவர் வாலை உயர்த்தி ஆசனவாயினுள் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு மெதுவாகச் செலுத்தி, ஒலி கேட்கும் வரை பிடித்திருக்க வேண்டும். 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை, அதாவது 101 முதல் 102.5 பாகை பரன்ஹைற் வரை, இயல்பானது. 39.5இற்கு மேல் இருந்து, நாய் வெயிலிலோ ஓட்டத்திலோ இருந்து வராமலும் இருந்தால் காய்ச்சல் என்று கொள்ளலாம்.

அடுத்தது முரசு. மேலுதட்டை உயர்த்தி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். நமது ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு கறுப்பாகவே இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை விரலால் இழுத்து உட்பக்க நிறத்தைப் பாருங்கள். அந்த இடம் வெள்ளைத் தாள் போல் வெளிறியிருந்தால் குருதி குறைந்துவிட்டது என்று பொருள். மஞ்சளாக இருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம், அல்லது செங்குழியங்கள் விரைந்து அழிந்துகொண்டிருக்கலாம். இரண்டுமே அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டிய நிலைகள். பின்னர் நாயை மல்லாத்திப் படுக்கவைத்து, மயிர் குறைந்த அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் ஊசிமுனை அளவான செம்புள்ளிகள் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள். மண்ணில் தெரியாது, வெள்ளைத் துணியிலோ சீமெந்துத் தரையிலோ தெரியும். உறங்கும்போது நிமிடத்துக்கு 30இற்கு மேல் மூச்சு விட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறையை அறிவதற்கு, நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பின் உங்கள் நிறையைக் கழித்தால் போதும். நாய்க்கான மருந்துகள் பெரும்பாலும் நிறையைக் கொண்டே அளவிடப்படுவதால் இந்த எண் மிகவும் பெறுமதியானது.

இனி உண்ணிக் காய்ச்சலுக்கு வருவோம். நமது பகுதிகளில் நாய்களில் ஏறும் கபில நிற உண்ணி இருவேறு இனங்களைச் சேர்ந்த கிருமிகளைப் பரப்புகிறது. ஏர்லிக்கியா என்னும் பற்றீரியா வெண்குழியங்களுக்குள் வாழ்ந்து, குருதி உறைய உதவும் சிறுதட்டுகளைக் குறைத்துவிடும். அடிவயிற்றுச் செம்புள்ளிகளும் சிலவேளை மூக்கால் வடியும் குருதியும் அதனால் வருபவை. பபேசியா என்பதோ செங்குழியத்துக்குள் புகுந்து அதை உடைக்கும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. முரசு வெளிறுவதும் சிறுநீர் கோப்பி நிறமாவதும் அதன் வேலை. பபேசியாவிலும் பெரியது, சிறியது என வகைகள் உண்டு. சிறிய வகையான பபேசியா கிப்சோனி 1910ஆம் ஆண்டில் சென்னையின் வேட்டை நாய்களின் குருதியிலிருந்தே முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அன்று அதைக் காட்டிக் கொடுத்ததும் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசப்பட்டுச் சாயமேற்றப்பட்ட ஒரு துளிக் குருதிதான். இன்றும் கால்நடை வைத்தியர் காதோரத்தில் சிறிதாகக் குத்தி எடுக்கும் குருதித் துளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தே பல நேரங்களில் நோயை உறுதிப்படுத்துகிறார். கிருமி குறைவாக இருந்தால் தகட்டில் படாமலும் போகலாம் என்பதால், குழியங்களின் எண்ணிக்கைப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனையும் உடன் செய்யப்படுகின்றன.

இந்த வேறுபாடு மருந்தில் எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஏர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் குளிசையை 28 நாள் விடாமல் கொடுக்கவேண்டும்; நாலைந்து நாளில் நாய் துள்ளத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறவர்கள் நோயை உள்ளேயே விட்டுவைக்கிறார்கள். பெரிய வகைப் பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி நன்றாக வேலை செய்யும். கிப்சோனிக்கு அதை நம்பியிருக்க முடியாது. அற்றோவகுவோன், அசித்திரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்துப் 10 நாள் கொடுக்கும் முறையே அதற்கென ஆய்வுகளால் நிறுவப்பட்டது. டைமினசீன் ஊசியும் பயன்படுகிறது; ஆனால் அதன் அளவு கூடினால் மூளையைத் தாக்கும் என்பதால் அதை வைத்தியரைத் தவிர வேறெவரும் கையாளக்கூடாது. எஞ்சிய குளிசையைக் கொடுத்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. டொக்சிசைக்கிளினை எப்போதும் உணவோடு கொடுத்து, பின்னர் சிறிது நீரும் பருக்குங்கள்; குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டினால் அங்கே புண்ணாகிவிடும்.

உண்ணியைக் கழற்றும்போது கூர்நுனிச் சாமணத்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்புக்குச்சியால் சுடுவதும் கூடாது. விரலால் நசுக்குவதும் கூடாது, ஸ்பிரிட் உள்ள சிறு போத்தலில் போட்டு மூடுங்கள். காதின் உட்புறம், கழுத்துப்பட்டியின் கீழ், விரலிடுக்கு ஆகிய மூன்று இடங்களையும் தினமும் பார்ப்பது நல்லது. பபேசியா நாயின் உடலில் சேர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு நாளளவில் உண்ணி கடித்திருக்கவேண்டும். ஆனால் ஏர்லிக்கியா ஒருசில மணித்தியாலத்திலேயே இறங்கிவிடும். எனவே கழற்றுவது மட்டும் போதாது; உண்ணி ஏறினாலும் விரைவில் சாகும்படி வைத்தியர் தரும் மாதாந்த அல்லது மூன்று மாதக் குளிசைகளைத் தவறாமல் கொடுப்பதே உறுதியான வழி. இக்குளிசைகளில் சில வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், முன்பு வலிப்பு வந்த நாயென்றால் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியை நீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் நமது விவசாயக் கிராமங்களில் இன்னமும் இருக்கிறது. அது தோலினூடாக உள்ளே சென்று, வாயால் எச்சில் ஊற்றி, உடல் நடுங்கி, நாயைக் கொல்லக்கூடியது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேலன்றி வீட்டிலேயே கழிக்கிறது என்பதைப் பலர் அறியார். குருதி குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கிடுகு வேலியிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மேல்நோக்கி ஏறும் இயல்புடையதால் நாய் படுக்கும் மூலைக்கு மேலுள்ள சுவரையும் பார்க்கவேண்டும். வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் அவித்து வெயிலில் காயப்போடுங்கள்.

முரசு வெளிறியிருந்தும் உண்ணியே இல்லாத குட்டியென்றால் கொக்கிப்புழுவை நினைக்கவேண்டும். உப்புவெளி, நிலாவெளி போன்ற மணற்பாங்கான கரையோரங்களில், ஈரமும் சூடும் உள்ள மணலில் அதன் குடம்பிகள் செழித்து வாழ்ந்து தோலைத் துளைத்துப் புகும். அன்சைலஸ்ரோமா சிலானிக்கம் என்னும் இனம் 1911இல் இலங்கையில் ஒரு மரநாயிலிருந்து விவரிக்கப்பட்டு நமது நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. நாய்களில் வாழும் கொக்கிப்புழுக்களில் மனிதக் குடலிலும் முழு வளர்ச்சியடைந்து முட்டையிடக்கூடியது பொதுவாக இதுவே. வெறுங்காலோடு முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளுக்காகவும்தான் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோம். குட்டிக்கு இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், வளர்ந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஒருவகைக் கொக்கிப்புழு தாய்ப்பாலினூடாகவும் வருவதால் தாய் நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி வாந்தியெடுத்து, நாற்றமுள்ள குருதிக் கழிச்சலும் கண்டால் அது பார்வோ வைரசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜீவனி என்னும் உப்புச்சர்க்கரைத் தூளைக் கரைத்து வாயில் ஊற்றிக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள், வாந்தி நிற்காதபோது சேலைன் ஏற்றினால்தான் பிழைக்கும். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடவேண்டும், ஏனெனில் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பு முதல் ஊசிகளைப் பயனற்றதாக்கிவிடக்கூடும். குட்டை (சொறி) பிடித்த நாய்க்குக் கழிவு எண்ணெய் பூசுவது தோலைப் புண்ணாக்குவதோடு, நக்கும்போது உடலுக்குள்ளும் நஞ்சாகச் சேரும். தோலைச் சுரண்டிப் பார்த்தால் எந்தச் சிற்றுண்ணி என்பது தெரியும். பெரும்பாலும் குளிசையிலேயே குணமாகும். பனடோல், இபுபுரோபன் இரண்டையும் நாய்க்குக் கொடுக்கக்கூடாது.

கடற்கரையில் திரியும் நாய்களுக்கு மற்றுமோர் ஆபத்து உண்டு. கரைவலை இழுத்து முடிந்தபின் கழித்துப் போடும் மீன்களுக்குள் பேத்தையும் கிடக்கும். அதன் நஞ்சு நரம்பை மரக்கச் செய்வது. தின்ற நாய் முதலில் வாயைத் தேய்த்து எச்சில் விட்டு வாந்தியெடுக்கும், பின்னங்கால்கள் தள்ளாடும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடித்து நஞ்சு வெளியேறும் வரை காப்பதே சிகிச்சை என்பதால் தள்ளாட்டத்தைக் கண்டவுடனேயே புறப்பட்டுவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் மூச்சிரைத்து விழுந்தால் சாதாரண நீரை உடலெங்கும் ஊற்றி விசிறுங்கள், வெப்பமானி 39.5ஐக் காட்டியதும் ஊற்றுவதை நிறுத்தி வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்கவேண்டியது நீர்வெறுப்பு என்னும் விசர் நோயில். தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைக் கண்டால் “எலும்பு சிக்கியிருக்கிறது” என்று எண்ணி வாய்க்குள் கையை விடுவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். விசர் நோயின் ஊமை வகை அப்படித்தான் தோன்றும். தொடாமல் அடைத்து வைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள். எவரையேனும் கடித்தாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவியபின் அரச வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நாயை 10 நாள் கவனிக்கலாம் என்பதற்காக மனிதருக்கான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். நாய் இறந்துவிட்டால் புதைக்காமல் அறிவியுங்கள், மூளையைப் பரிசோதித்தே நோயை உறுதிப்படுத்த முடியும். ஆண்டுதோறும் நாய்க்கு ஊசி போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

வைத்தியரிடம் போகும்போது நீங்கள் எழுதிய குறிப்பையும், இதுவரை கொடுத்த குளிசைகளின் உறைகளையும், உண்ணிப் போத்தலையும், புதிதாகப் பிடித்த மலத்தையும் கொண்டு செல்லுங்கள். இங்கே தீர்க்கமுடியாத நோய்க்குச் சில வேளைகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நாட்டில் கால்நடை வைத்தியர்களை உருவாக்கும் பீடம் அங்கேதான் உள்ளது. தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீற்றர் பயணம் என்பதால், முரசு முற்றாக வெளுத்திருக்கும் நாய்க்குப் புறப்படும் முன்னரே குருதி ஏற்றவேண்டியிருக்குமா என்று கேளுங்கள். ஏற்றவேண்டுமென்றால், 25 கிலோவுக்கு மேல் நிறையுள்ள, ஊசிகள் ஒழுங்காகப் போடப்பட்ட, நலமான நாயொன்றை அயலில் தேடி உடன் கொண்டு செல்லலாம். அதன் குருதியையும் முதலில் தகட்டில் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் இல்லையென உறுதி செய்தபின்னரே எடுப்பார்கள்.