‘கேன்சர் ஜீன்’ என்று ஒன்று உண்டா?

“அவங்களுக்கு பிஆர்சிஏ ஜீன் இருக்காம்” என்று கவலையோடு சொல்வார்கள். எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயை ஆராயும்போது கண்டுபிடித்ததால் நோயின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள், அதனால் வந்த வினை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இதில் இரண்டு மரபணுக்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுந்தால் அதைச் சரிசெய்யத்தான் இவை உருவாக்கும் புரதங்கள். பிஆர்சிஏ2, ராட்51 என்ற இன்னொரு புரதத்தை அறுந்த முனையில் வரிசையாக உட்கார வைக்கும். பிறகு பக்கத்தில் இருக்கும் நல்ல பிரதியைப் பார்த்து, விட்டுப்போன எழுத்துகள் பிசகாமல் எழுதப்படும். ஆபத்து, இந்த மரபணு பழுதாகும்போதுதான்.

சரி, பழுதான பிரதி ஒன்று பிறப்பிலேயே வந்துவிட்டால் புற்றுநோய் நிச்சயமா? இல்லை. ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. நல்ல பிரதியும் ஏதோ ஒரு செல்லில் கெட்டால்தான் பழுதுபார்ப்பு நின்றுபோகும். அதற்காக அலட்சியமும் கூடாது. இந்தப் பிறழ்வு உள்ள பெண்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது.

அம்மா வழியை மட்டும் விசாரிப்பது இன்னொரு தவறு. அப்பாவிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு வரும். ஆண்களுக்கும் இதனால் புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய்கள் வரலாம்.

டிஎன்ஏவைக் காக்கும் இன்னொரு புரதமான பி53 விஷயத்தில் விஞ்ஞானிகளே ஏமாந்திருக்கிறார்கள். 1979இல் கண்டுபிடித்த பிறகு, சுமார் பத்து வருடம் அதைப் புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே நினைத்தார்கள். ஆய்வகத்தில் அவர்கள் கையில் இருந்ததெல்லாம் பிறழ்ந்த வடிவம்! அது உண்மையில் புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்பது 1989 வாக்கில்தான் தெரிந்தது. பி53ஐப் பழுது பார்க்கும் மெக்கானிக் என்று எழுதுகிறார்கள். மேஸ்திரி என்றால் இன்னும் பொருந்தும். டிஎன்ஏ சேதமானால் பி21 என்ற புரதத்தைக் கூட்டி, செல் பிரிவதை நிறுத்திவைக்கும். பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கும். சேதம் மிஞ்சிப்போனால் அந்தச் செல்லையே சாக அனுப்பிவிடும்.

அப்படியானால் பி53 அதிகமாக வேலை செய்தால் நல்லதுதானே? அதுவும் தப்புக்கணக்கு. அளவுக்கு மீறித் துடிப்பான பி53 கொண்ட எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன; ஆனால் சீக்கிரமே கிழடு தட்டிவிட்டது.

பழுதுபார்ப்பைத் தடுப்பது எப்போதுமே கெடுதல் என்றும் முடிவுகட்டக் கூடாது. ஓலபாரிப் என்ற மருந்து பார்ப் என்னும் பழுதுபார்க்கும் புரதத்தை முடக்குகிறது. பிஆர்சிஏவை ஏற்கெனவே இழந்த புற்றுச் செல்லுக்கு அதன்பின் போக்கிடம் இல்லை, செத்துவிடுகிறது. ஒரு நல்ல பிரதியாவது வைத்திருக்கும் மற்ற செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன.